அத்திப்பழத் தட்டும் அரவிந்தனின் பசியும்

அரவிந்தன் உண்ட சோறு இலையில் குறைவதில்லை என்பது ஸ்ரீரங்கம் மூலத்தோப்புத் தெருவில் முதலில் வெளிப்பட்டது ஓர் ஐப்பசி மாத நண்பகலில். அவன் பிசைந்தான், கவளமாக உருட்டினான், மென்றான், விழுங்கினான். அவனுடைய தொண்டை ஏறி இறங்கியதை எதிரே நின்று பரிமாறிய அவன் தாய் மயிலம்மாள் தன் கண்களால் கண்டாள். ஆயினும் அவன் கைகழுவ எழுந்தபோது இலையில் இட்ட சோறு இட்டபடியே குவிந்திருந்தது. பிசைந்த தடம்கூட அதில் இல்லை. அவரைக்காய்ப் பொரியலில் ஒரு துண்டும் குறையவில்லை. தான் மறதியாக மறுமுறை பரிமாறிவிட்டதாக எண்ணிய மயிலம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. இரவு உணவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. மறுநாள் காலையில் அவன் தின்ற இட்லிகள் தின்ற பின்னும் தட்டிலேயே ஆவி பறக்கக் கிடந்தன.

அரவிந்தன் எட்டு ஆண்டுகள் பயணக் கப்பல் ஒன்றில் சமையற்காரனாக இருந்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து அந்த மாதந்தான் ஊர் திரும்பியிருந்தான். கப்பலில் அவனுக்கு விதிக்கப்பட்ட வேலை பெரிய சமையலன்று. விருந்தினர் மேசைக்கு வந்து அமர்ந்ததும், முதன்மை உணவுக்கு முன்பாக அவர்களுடைய பசியைத் தூண்டுவதற்கென்று வைக்கப்படும் சிறு தட்டை, ஸ்டார்ட்டர் என்று சொல்லப்படுவதை, அவன் செய்தான். அதிலும் குறிப்பாக ஒன்றை. அத்திப்பழத்தின் காம்பை நீக்கி, அடிவரை போகாமல் சிலுவைபோல் கீறி, நான்கு இதழாக விரித்து, நடுவில் நீலப் பூசணம் ஓடிய பாலாடைக்கட்டியை உதிர்த்து வைத்து, மேலே வால்நட் பருப்பும் ஒரு சிட்டிகை மிளகும் தூவி, பாலாடைக்கட்டி இளகும்வரை மட்டுமே சூடேற்றி, இறுதியில் தேனைச் சொட்டுவான். அந்தத் தட்டு மேசைக்கு வந்தால், பசியில்லை என்று சொல்லி அமர்ந்தவர்களும் அதன்பின் ஆட்டுக்காலை முழுதாகத் தின்றுவிட்டு எழுந்தார்கள். அவனை ஒப்பந்தம் தோறும் அந்தக் கப்பல் மீண்டும் அழைத்தது. இடையில் ஒரு விடுப்பில் வந்து, மன்னார்புரத்தில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்த அனுசுயாவை மணந்துகொண்டு, மறுபடியும் கடலுக்குப் போனான்.

குறையாத இலையைப் பற்றிய செய்தி மூலத்தோப்பிலிருந்து உத்தர வீதிகளுக்குப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. முதலில் எழுந்தது தூய்மையைப் பற்றிய வினா. ஒருவன் கையிட்டு உண்ட இலையிலுள்ள சோறு எச்சில் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் உண்டதற்குச் சான்றே இல்லாத இலையை என்னவென்று சொல்வது? தெரு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. பணி ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியரான ரங்கசாமி, கை பட்டாலே எச்சில்தான் என்று உறுதியாக நின்றார். வடக்கு உத்தர வீதியிலிருந்து இதைக் காண்பதற்கென்றே வந்த சௌரிராஜன் என்ற பெரியவர் இலையை இருபுறமும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்.

"இதிலென்ன சந்தேகம் ஓய்? பெருமாள் அமுது செஞ்சப்புறம் தளிகை குறையறதோ? அந்த மாதிரின்னா இருக்கு இது! எச்சில்னு சொன்னா நாக்கு அழுகிடும்."

ரங்கசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எச்சில் அன்று என்று முடிவானதும், அடுத்த முடிவு தானாகவே வந்தது. ஒரு வீட்டார் தங்கள் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து அரவிந்தன் முன் வைத்து, ஒரே ஒரு கவளம் உண்டு தரும்படி வேண்டினர். அவன் உண்டான், பானை குறையவில்லை. குறையவில்லை என்பதே பெருகிவிட்டதாகப் பேசப்பட்டது. மேலூரிலிருந்தும் திருவானைக்காவிலிருந்தும் தூக்குப்பாத்திரங்கள் வந்தன. வளைகாப்பு வீட்டார் ஐந்துவகைச் சாதத்தையும், கடை திறப்பவர்கள் சர்க்கரைப் பொங்கலையும் கொண்டுவந்தார்கள். அரவிந்தன் மறுக்கத் தெரியாதவன். கூடத்தில் அமர்ந்து, வந்ததையெல்லாம் பகல் முழுவதும் மென்றுகொண்டிருந்தான். தங்கள் உணவு குறையாததைக் கண்டு மகிழ்ந்தவர்கள், உண்பவன் குறைந்துகொண்டே வருவதைக் காணவில்லை. திருமண மோதிரம் விரலிலிருந்து நழுவித் தொட்டிமுற்றத்துச் சாக்கடையில் போயிற்று. இடைவாரில் ஆணியால் புதிய துளைகள் இடப்பட்டன. கழுத்தெலும்புக் குழியில் மழைநீர் தேங்கும் போலிருந்தது.

அனுசுயா ஒரு நாள் அலுவலகத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வழியாக வீடு திரும்பியபோது, தன் கணவன் முன்னால் யாரோ ஒருவர் பிரியாணி அண்டாவை இறக்கி வைத்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவள் குரலை உயர்த்தும் வழக்கமில்லாதவள். அன்று உயர்த்தினாள்.

"எல்லாரும் எழுந்து போங்க. இவரு ஒண்ணும் சாமி இல்ல. பசியில செத்துக்கிட்டிருக்காரு, கண்ணு தெரியல உங்களுக்கு?"

அவர்கள் போனார்கள். தெய்வத்தை மனைவி அடைத்து வைத்திருக்கிறாள் என்று தெருவில் சிலர் சொன்னார்கள்.

தில்லை நகர் மருத்துவமனையில் அவனைச் சேர்த்தார்கள். இரத்தம், சிறுநீர், குடல், ஈரல் எல்லாவற்றையும் பார்த்தபின் மருத்துவர்களால் நோயின் பெயரைச் சொல்ல இயலவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். சொட்டுகள் முறையாக இறங்கின. பாட்டில் மட்டும் காலையிலிருந்து மாலைவரை நிறைந்தே தொங்கியது. லூர்துராணி என்ற செவிலி குழாயை மாற்றினாள், ஊசியை மாற்றினாள், கையையும் மாற்றினாள். "ஏன் சார், நான் ஏத்துறேன், நீங்க திருப்பி அனுப்புறீங்களா?" என்று கேட்டுச் சிரிக்கவும் முயன்றாள், பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தலைமை மருத்துவர் அனுசுயாவைத் தனியே அழைத்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அரவிந்தன் வீட்டுக்கட்டிலில் கிடந்த நாள்களில்தான் பொன்மலையிலிருந்து ஆஷ்லி வந்தான். கப்பலில் அரவிந்தனுடன் ஒரே அறையில் தங்கி, அதே அடுக்களையில் ரொட்டிப் பிரிவில் வேலை செய்தவன். நண்பனைக் கண்டவுடன் அவன் அறையைவிட்டு வெளியேறினான். கூடத்துக்கு வந்து நாற்காலியில் அமர்ந்து, நீர் குடித்து, பிறகு அனுசுயாவிடம் மெல்லச் சொன்னான்.

"அண்ணி, கப்பல்லயே இது ஆரம்பிச்சுருக்கும். அங்க யாரு அடுத்தவன் தட்டப் பார்ப்பா? ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. எட்டு வருஷம் அந்த அத்திப்பழத்தச் செஞ்சானே, ஒரு நாள்கூட வாயில வெச்சதில்ல."

சமையல் தலைவர் நாள்தோறும் ருசி பார்க்கச் சொல்வார் என்றும், அரவிந்தன் கரண்டியை உதட்டருகே கொண்டுபோய்த் தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைத்துவிடுவான் என்றும் ஆஷ்லி கூறினான். பூசணத்தின் மேலிருந்த அருவருப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம், சமைப்பவர் வாய் கடைசி என்பது. அது மயிலம்மாளின் விதி. லால்குடிப் பக்கத்துச் சிற்றூரில் நடவு ஆள்களுக்கு அண்டா அண்டாவாகச் சமைத்த காலத்திலேயே அவள் கைக்கொண்ட விதி அது. சமைக்கிறவள் முதலில் வாய் வைத்தால் சட்டிச் சோறு போதாது என்பாள். உப்பையும் புளியையும் மூக்கால்தான் அறிய வேண்டும். எல்லாரும் உண்டு எழுந்த பின்னரே சமைத்தவர் நாக்கு நனையலாம். மகனும் அப்படியே வளர்ந்தான். மருமகளும் அப்படியே பழகினாள்.

"தினம் சாயங்காலம் அந்தத் தட்ட வெச்சு ஊரு ஒலகத்துக்கெல்லாம் பசிய வரவழைச்சான் அண்ணி," என்றான் ஆஷ்லி. "வந்ததுல அவன் பசியும் ஒண்ணு. மத்ததுக்கெல்லாம் பந்தி போட்டான், அத மட்டும் வாசல்லயே நிக்க வெச்சான். எத்தன நாளைக்குத்தான் நிக்கும்? ஏதோ ஒரு துறைமுகத்துல எறங்கிப் போயிருக்கும். அதுக்கென்ன, விசாவா வேணும்?"

போன வழியிலேயே, அந்த அத்திப்பழத் தட்டைக் கொண்டே, பசியைக் கூப்பிட வேண்டும் என்று அனுசுயா முடிவு செய்தாள். வேறு வழியும் அவளுக்கு இருக்கவில்லை. காந்தி சந்தையில் கயிற்றில் கோத்துத் தட்டையாக்கிய உலர் அத்திதான் கிடைத்தது. தில்லை நகர்க் கடை ஒன்றில் சொல்லி வைத்து, பஞ்சில் பொதிந்த புதுப் பழங்களைப் பெட்டியாக வாங்கினாள். நீலப் பாலாடைக்கட்டியும் அங்கேயே கிடைத்தது. இரண்டையும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, விடுப்பு எழுதிக் கொடுப்பதற்காக மன்னார்புரம் போய்வந்தாள். திரும்பி வந்தபோது மயிலம்மாள் நிறைவான முகத்துடன் அவளை எதிர்கொண்டாள்.

"கடக்காரன் உன்ன நல்லா ஏமாத்திப்புட்டான் அனு. ஊசிப்போனதக் கட்டிக் குடுத்திருக்கான். நான்தான் பார்த்துட்டு, நீலத்த எல்லாம் சொரண்டிப் போட்டு, மஞ்சத் தண்ணியில ரெண்டு அலசு அலசி வெச்சிருக்கேன். இப்பப் பாரு, பளிச்சுனு இருக்கு."

அனுசுயா சமையலறைத் தரையில் அப்படியே அமர்ந்துவிட்டாள்.

"அந்த நீலந்தான் அத்தை மருந்தே."

"பூசணமா?" மயிலம்மாளுக்கு முகம் சுருங்கிற்று. "அத முன்னாடியே சொல்றதில்லயா? பூசணம் வெச்சுத்தான் எம் புள்ள எந்திரிப்பான்னா, ஊறுகா ஜாடியிலயே வளர்த்துத் தந்திருப்பேனேடி!" சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியாரும் மருமகளும் ஒரே சுவரில் சாய்ந்து நெடுநேரம் அமர்ந்திருந்தனர்.

அலசிய பாலாடைக்கட்டி எதற்கும் உதவவில்லை. ஆஷ்லி திருச்சியெங்கும் அலைந்து வேறொரு கட்டி வாங்கி வருவதற்குள் பெட்டியிலிருந்த பழங்கள் கனிந்து வழிந்துவிட்டன. கடைக்காரர் அடுத்த வரவு எப்போது என்று சொல்ல இயலாது என்றார். கொள்ளிடக் கரையில் நின்ற நாட்டு அத்தியிலிருந்து மயிலம்மாளே மடிநிறையப் பறித்து வந்தாள். பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று ஊரில் சொல்வது பொய்யில்லை. ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் பொடிப்பூச்சிகள் எழுந்து பறந்தன. மயிலம்மாள் அவற்றை ஒவ்வொன்றாகக் கடைசிவரை பிட்டுப் பார்த்தாள், நல்லதாக ஒன்றாவது இருக்கும் என்று நம்பினாள், இருக்கவில்லை. அதற்குள் அரவிந்தன் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அவன் உயிர் எங்கோ போய்வருவதுபோலத் தோன்றியது.

தில்லை நகர்க் கடைக்குப் புதுப் பழம் வந்த அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் ஓவன் அடுப்பு கிடையாது. கேக் சுடும் முறையில் குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, விசில் போடாமல் மூடி, அதற்குள் தட்டை வைத்து அனுசுயா சூடேற்றினாள். அரவிந்தன் படுத்தபடியே கீறும் ஆழத்தையும் தேனின் அளவையும் விரலசைத்துக் காட்டினான். மூடியைத் திறந்தவுடன் எழுந்த மணம் சன்னல் வழியே தெருவில் இறங்கியது. அதில் நனைந்த சாக்கின் வாடையும், பழத்தின் இனிப்பும், பழைய மோரின் புளிப்பும் கலந்திருந்தன. அடுத்த கணமே மூலத்தோப்பு முழுவதற்கும் பசித்தது. மதிய உணவு முடித்து உறங்கியவர்கள் எழுந்து சமையலறைக்குள் நுழைந்தார்கள். தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்தியிலேயே சோறு தீர்ந்து, மணமகன் வீட்டாருக்குப் பரோட்டா வாங்கிவர ஆள் ஓடியது. தன் வாழ்நாளில் மதியத்துக்குப் பின் எதுவும் உண்டிராத சௌரிராஜன், வடக்கு உத்தர வீதியில் யாருக்கும் தெரியாமல் ஊறவைத்த அவலை அள்ளித் தின்றார். பசி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து வெளிவந்தது. அரவிந்தன் வீட்டு வாசலில் மட்டும் அது செருப்பைக் கழற்றவில்லை.

தட்டை அவன் கட்டிலருகே முக்காலியில் வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் மற்றவர்களுக்காகச் செய்ததை அவன் முதன்முறையாக வாயில் இட்டான். மென்றான். கண்களை மூடிக்கொண்டு விழுங்கினான். தட்டிலிருந்த பழங்களில் ஒன்றும் குறையவில்லை. இன்னொன்று எடுத்தான்; அதுவும் தட்டிலேயே இருந்தது.

"போதும் அனு," என்றான். "எடுத்து வெச்சுடு. ஒனக்கும் களைப்பா இருக்கும்."

அனுசுயா தட்டை எடுத்தாள். ஆனால் உள்ளே கொண்டுபோகவில்லை. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, தட்டை மடியில் வைத்து, ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள். கதவருகே நின்ற மயிலம்மாள் பதறிப்போனாள்.

"ஏய், என்னடி பண்ற? சமைச்ச கையோட... அது அவன் எச்சிடி!"

"எச்சியா?" அனுசுயாவின் வாயிலிருந்து தேன் வழிந்தது. "அவரு வாய் பட்டிருந்தாத்தானே அத்தை எச்சி? பட்டிருந்தா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்?"

அவளுக்கு அதன் சுவை பிடிக்கவில்லை. உப்பு நாக்கைக் கடித்தது. ஈரச்சுவரை நக்கியதுபோல் ஒரு காரல் மூக்கில் ஏறியது. அதன் பின்னால் பழத்தின் சதை இனித்து, விதைகள் பற்களில் நொறுங்கின. சினத்தோடு இரண்டாவதைத் தின்றாள். தட்டில் இரண்டு இடங்கள் காலியாகி, தேன்வட்டங்கள் மட்டும் இருந்தன. அந்த வீட்டில் அரவிந்தன் முன் வைத்த தட்டு ஒன்று குறைந்ததைப் பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் கண்டார்கள். மூன்றாவதை அவள் மென்றுகொண்டிருந்தபோது, அரவிந்தனின் உலர்ந்த உதடுகள் அசைந்தன. நாக்கு வெளியே வந்து மேலுதட்டைத் தடவிற்று.

"மிளகு ஒரு துளி கூடிப்போச்சு," என்றான்.

மயிலம்மாள் கதவு நிலையைப் பற்றிக்கொண்டாள். அனுசுயா மெல்லுவதை நிறுத்தினாள். அவன் முகம் வாடியது. மறுபடியும் மென்றாள், அவன் எச்சில் விழுங்கினான். தட்டு தீர்ந்ததும் மயிலம்மாள் ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடிச் சோற்றையும் இரசத்தையும் கொண்டுவந்து மருமகள் முன் வைத்தாள். அனுசுயா உண்டாள். தயிர்சாதம் உண்டாள், வாழைப்பழம் உண்டாள், வயிறு வெடிக்கும் என்று அஞ்சிய பின்னும் உண்டாள். பொழுது சாயும் வேளையில் அரவிந்தனின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அவன் ஏப்பம் விட்டான். அந்த ஒலியைக் கேட்டு அவன் தாய் தரையில் விழுந்து வணங்கினாள்.

அதற்குக் காரணம் கூறியவர்கள் பலர். வந்த பசி, யார் வாய் திறந்திருந்ததோ அங்கே நுழைந்துவிட்டது என்பது மயிலம்மாளின் கருத்து. அதையே பின்னர் தெருவும் ஏற்றுக்கொண்டது. அரவிந்தனின் இலை இன்றும் குறைவதில்லை. ஆகவே அவனுக்கு இலை போடுவதை நிறுத்திவிட்டார்கள். அனுசுயா இருவருக்கும் சேர்த்து உண்கிறாள். மன்னார்புரம் அலுவலகத்துக்கு அவள் கொண்டுபோகும் அடுக்குப் பாத்திரத்தைப் பற்றி முதலில் கேலி செய்தவர்கள், இப்போது இரண்டு மணிக்குமேல், உண்ட மயக்கத்தில் இருக்கும் அவளிடம் கோப்பு எதையும் நீட்டுவதில்லை. அரவிந்தன் உடல் தேறியபின் காட்டூரில் திருமண விருந்துகளுக்கு ஸ்டார்ட்டர் செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கினான். அத்திப்பழத் தட்டுகள் பந்திக்குப் போகும் முன், அனுசுயா எல்லாருக்கும் முன்பாக ஒன்றை எடுத்துத் தின்பாள். பத்தடி தள்ளி நிற்கும் அரவிந்தன் உப்பைத் திருத்துவான். அலுவலகப் பயிற்சிக்காக அவள் சென்னை சென்ற ஆண்டில், பிற்பகலில் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தி, "விழுப்புரம் தாண்டிட்டா. புளிசாதம். ஊறுகா பழசு," என்று தாயிடம் சொன்னான்.

அவளுக்கு டைஃபாய்டு வந்த கோடையில் இருவரும் அருகருகே கிடந்தார்கள். அவள் கஞ்சியை வாந்தியெடுக்கும்போதெல்லாம் அவன் ஒரு சுற்று இளைத்தான். அன்றிலிருந்து நோயுறுவதற்கு அவளுக்கு அச்சம். விரதங்களை விட்டுவிட்டாள், வைகுண்ட ஏகாதசியன்றும் உண்கிறாள். பசி இல்லாத நாளிலும், மனம் வெறுத்த நாளிலும், தன் தந்தை இறந்த அன்றும் அவள் உண்டாள். கணவனோடு சண்டையிட்டால் சாப்பிடாமல் முகம் திருப்பிப் படுத்துக்கொள்ளும் உரிமை தெருவில் மற்ற எல்லா மனைவியருக்கும் இருக்கிறது. அவளுக்கு மட்டும் இல்லை. அதற்கு அவள் வேறு வழி கண்டிருக்கிறாள். சண்டை முற்றிய நாள்களில் சமையலறையில் நின்று, பச்சைப் பாகற்காயை விதையோடு கடித்து, அவசரப்படாமல் மென்று தின்கிறாள். அவளுக்கும் கசக்கத்தான் செய்கிறது. மாடியில் அரவிந்தன் தண்ணீர் கேட்டுக் கத்துவது தெருவின் மறுமுனைவரை கேட்கும். "இன்னிக்குப் பாவக்கா," என்று சொல்லிக்கொண்டு, எதிர்வீட்டார் தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் கூட்டிக்கொள்கின்றனர்.